கத்திக்கொண்டு ஓடிவந்தவர்

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருமுனையில் ஓர் இளநீர் வண்டி நிற்கும். அதன் பலகைமேல் முழங்கை நீளத்துக்கு ஓர் அரிவாள், உறையில்லாமல் வெயிலில் பளபளவென்று கிடக்கும். வண்டிக்காரர் டீ குடிக்கப் போனாலும் அரிவாள் அங்கேயேதான் இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதை ஒட்டியே நடந்து போவார்கள். ஸ்கூட்டரில் வருகிறவர் அதன் பக்கத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டுப் போனில் பேசுவார். யாருக்கும் அது ஆயுதமாகத் தெரிவதில்லை. எனக்கு மட்டும், ஒவ்வொரு வருஷமும் ஊருக்கு வந்து இறங்கிய முதல் இரண்டு மூன்று நாள், அதைப் பார்த்ததும் கால் தானாகத் தெருவின் மறுபக்கம் போகிறது. பிறந்து வளர்ந்த தெருவிலேயே எனக்கு இப்படி ஆகிறதே என்று எரிச்சலாக வரும். என்ன செய்ய? இருபத்தெட்டு வருஷமாக நான் குடியிருக்கும் நாட்டில் கைப்பைக்குள் காய் நறுக்கும் கத்தி இருந்தாலே நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள்.

என்னையே நிறுத்தினார்கள். என் வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்; எங்கள் ஊரில் ‘சொல்தா’ என்பார்கள். அவரைக் கட்டிக்கொண்டு போனவள் நான். பாரிசுக்கு வடக்கே ஒரு பள்ளிக்கூட கான்டீனில் சமையல் வேலை. அங்கிருந்த கத்தி எல்லாம் தக்காளியைக்கூட நசுக்கும். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் வீட்டிலிருந்து என் கத்தியைத் துண்டில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ‘கார் து நோர்’ ரயில் நிலையத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் பையைத் திறக்கச் சொன்னார்கள். கத்தியைப் பார்த்ததும் ஒருவர் கேட்டார்: “மொத்தீஃப் லெஜித்தீம்?” நியாயமான காரணம் ஏதாவது இருக்கிறதா என்று அதற்கு அர்த்தமாம். எனக்கு அப்போது அது தெரியாது. ‘லெஜித்தீம்’ என்ற சொல்லை நான் பாண்டிச்சேரியில் கல்யாணப் பதிவுக் காகிதங்களில்தான் பார்த்திருந்தேன். சட்டப்படி மனைவி, சட்டப்படி பிள்ளை என்று எழுதும் இடத்தில் அது வரும். நான் நிமிர்ந்து நின்று, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி, “உய், உய், லெஜித்தீம்! பாண்டிச்சேரியில் கல்யாணம்” என்று சொல்லிக் கல்யாணத்தைப் பதிந்து பிரெஞ்சுக்காரர்கள் கொடுத்த குடும்பப் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். ஒருவர் சிரித்தார், இன்னொருவர் சிரிக்கவில்லை. ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டுக் கத்தியை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

அதற்கப்புறம் கான்டீன் மேலாளர் அம்மாள் எனக்கு ஒரு காகிதம் எழுதிக்கொடுத்தார். இந்தப் பெண் வேலைக்காகத் தன்னிடம் ஒரு சமையல் கத்தி வைத்திருக்கிறாள் என்று அதில் இருக்கும். அவர் ஒரு கையெழுத்து, அதற்குக் கீழே நான் ஒரு கையெழுத்து. கத்தியை மறந்தாலும் அந்தக் காகிதத்தை நான் மறந்ததில்லை. ஊருக்கு வரும்போதுகூட அது என் கைப்பையிலேயே வந்துவிடுகிறது.

இந்த முறை ஊருக்கு வந்திருந்தபோது, கிளம்ப இன்னும் ஒன்பது நாள் இருந்தது. காலை பத்து மணி இருக்கும். இளநீர் வண்டிக்காரர் ஏழுமலையிடம், “தண்ணி நெறைய இருக்கறதா பாத்து வெட்டுப்பா” என்றேன். அவர் ஒரு காயை எடுத்து இரண்டு கொத்து கொத்தியிருப்பார். பின்னாலிருந்து ஒரு ஸ்கூட்டர் என்மேல் உரசிக்கொண்டு வந்து நின்றது. ஹெல்மெட் போட்ட ஓர் ஆள் என் கழுத்தில் கைவைத்துக் கருகமணிச் சரத்தைப் பிடித்து இழுத்தான். எங்கள் முஸ்லிம் பெண்களுக்கு அதுதான் தாலி. நான் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். விடவில்லை. அவன் இடுப்பிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினான். அப்போதும் விடவில்லை, தைரியம் என்று நினைக்காதீர்கள், கை மரத்துப்போய்விட்டது.

“டேய்ய்! விட்றா அத! விட்றா!”

முத்தியால்பேட்டை முழுக்கக் கேட்டிருக்கும். ஏழுமலை கையிலிருந்த அரிவாளை அந்த அரைகுறைக் காயிலேயே நச்சென்று கொத்திப் பலகைமேல் வைத்துவிட்டு, வெறுங்கையோடு ஓடிவந்தார். இதை நான் கண்ணால் பார்த்தேன். ஏனென்றால் அது எனக்கு வெட்டிய காய். சரம் அறுந்தது. நான் முட்டி மடங்கி விழுந்தேன். திருடன் ஸ்கூட்டரை முறுக்கினான், ஏழுமலை பின்கம்பியைப் பிடித்து இழுத்தார், வண்டியோடு அவனும் சாக்கடை ஓரத்துச் சிமெண்ட் கட்டைமேல் சரிந்தான். அவன் முன்கையிலிருந்து ரத்தம் ஒழுகியது. அவன் கத்தி எங்கே போனதோ, சாக்கடையைக் கேட்டால்தான் தெரியும். ஏழுமலை அவன்மேல் ஓர் அடிகூட வைக்கவில்லை. ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, போலீஸ் வரும்வரை நின்று கத்திக்கொண்டே இருந்தார். எதிரே டீக்கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். எல்லாம் முடிந்தபிறகு வந்து போனில் படம் பிடித்தார்கள். பிரான்சில் ‘நோன் அசிஸ்தான்ஸ்’ என்று ஒரு சட்டம் உண்டு. ஆபத்தில் இருக்கிறவரைக் காப்பாற்ற முடிந்தும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் அதுவே குற்றம். அந்தப் பத்துப் பேரையும் அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று அப்போது பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்டேஷனில் அறுந்த சரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, புகார் எழுதித் தரச் சொன்னார்கள். உட்கார்ந்திருந்த காவலர், பாண்டிச்சேரி போலீசுக்கே உரிய சிவப்புத் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, “நீங்க சொல்லுங்கம்மா, நா எழுதறேன்” என்றார். எனக்கு வீம்பு. பிரான்சிலிருந்து வந்தவள் என்றதும் தமிழ் வராது என்று நினைத்துவிட்டார்களோ? “பேனாவக் குடுங்க தம்பி, நானே எழுதறேன்” என்று வாங்கி, மெகருன்னிசா ஆகிய நான் என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். நீட்டி முழக்கி, செந்தமிழில். எழுதி முடித்ததும் அந்தக் காவலரே, “கையெழுத்து சூப்பரா இருக்கும்மா” என்றார். நானும் பூரித்துப்போய் வீட்டுக்கு வந்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே நாலு போடலாம் போலிருக்கிறது.

மூன்றாம் நாள் காலையில் கேட்டைத் தட்டிக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றாள். ஏழுமலையின் மனைவி கன்னியம்மாள். உள்ளே வாருங்கள் என்றேன். வரவில்லை.

“உங்க சங்கிலிய காப்பாத்த ஓடுனாரு எங்க வூட்டுக்காரரு. அவரு கத்தியால வெட்டுனாருன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டு வந்துருக்கீங்களே, இது நியாயமாக்கா?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் அழுதுகொண்டே சொன்னதிலிருந்து புரிந்தது இவ்வளவுதான். திருடனின் முன்கையில் ஏழு தையல். இளநீர்க்காரன் அரிவாளால் வெட்டினான் என்று அவன் ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறான். ஏழுமலையின் மேல் ஆயுதத்தால் காயப்படுத்தியதாக ஒரு வழக்கு. அரிவாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அவரையும் காலாப்பட்டு ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள். காரணம் கேட்டால், சங்கிலியைப் பறிகொடுத்த அம்மாவே எழுதியிருக்கிறார் என்று என் புகாரைக் காட்டுகிறார்களாம்.

“நான் அப்படி எழுதவே இல்ல கன்னியம்மா! அல்லா மேல ஆணையா எழுதல.”

“எழுதலன்னா போலீசு இன்னா, கனவா கண்டாங்க?” என்றாள். போகும்போது ஒரு வார்த்தை சொன்னாள் பாருங்கள்: “நீங்க பிளேன் ஏறிப் போயிருவீங்க. நாங்க எங்கக்கா ஏறுறது?”

அந்தப் புகாரின் நகல் என்னிடம் இருந்தது. எடுத்துப் படித்தேன். மூன்று தடவை படித்தேன். ஒரு தப்பும் தெரியவில்லை. போலீஸ்தான் பொய் சொல்கிறது என்று முடிவுகட்டிக்கொண்டு, தம்பி ஜாபரை வண்டி எடுக்கச் சொல்லி, ரெட்டியார்பாளையத்தில் அவனுக்குத் தெரிந்த ஒரு வக்கீல் அம்மாவின் வீட்டுக்குப் போனேன். அவர் நகலை வாங்கிக் கண்ணாடியை மூக்குமேல் இறக்கிப் படித்தார். ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

“இத வாய்விட்டுப் படிங்க.”

“ஏழுமலை என்பவர் கத்திக்கொண்டு ஓடிவந்து திருடனைத் தடுத்தார்.”

“நீங்க படிக்கறது சரி. எழுதியிருக்கறதப் படிங்க. எழுத்து எழுத்தா.”

க, த், தி. அப்புறம் ஒரு இடைவெளி. கொ, ண், டு.

கத்தி கொண்டு ஓடிவந்து.

நடுவில் ஒரு ‘க்’ இல்லை. வாயால் சொன்னால் இந்தக் குழப்பமே வராது. கத்திக்கிட்டு வந்தாரு என்றால் சத்தம்; கத்தியோட வந்தாரு என்றால் ஆயுதம். பேச்சில் இரண்டுக்கும் நடுவே ஒரு தெருவே இருக்கிறது. எழுத்தில் ஒரே ஒரு ஒற்று. அரிவாளைக் காயிலேயே வைத்துவிட்டு வந்தார் என்பதையோ, அந்த ஒன்றரைப் பக்கத்தில் நான் எழுதவே இல்லை. இருபத்தெட்டு வருஷம் மளிகைச் சீட்டைக்கூடப் பிரெஞ்சில் எழுதிவிட்டு, இங்கே வந்து வீம்புக்குச் செந்தமிழில் எழுதினேன் அல்லவா, அந்த வீம்பு ஒரு மனுஷனைக் கம்பிக்குப் பின்னால் தள்ளிவிட்டது. உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது எனக்கு. வெட்கத்தில் அழுகை வந்தது. வக்கீல் அம்மா ஃபேனைக் கூட்டி வைத்தார்.

பிறகு அவர் நிதானமாகச் சொன்னார். “அடுத்தவங்கள ஒருத்தன் கத்தியக் காட்டிக் கொள்ளையடிச்சா, பாக்கறவன் தடுக்கலாம். சட்டத்துல அதுக்கு எடம் இருக்கு. கையில அரிவாள் இருந்தாக்கூட அதுவே குத்தம் ஆயிடாது. ஆனா தடுக்க எவ்ளோ தேவையோ அவ்ளோதான் பண்ணணும். அவன் கீழ விழுந்தாச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னு ஆனப்பறம் ஒரு வெட்டு போட்டா, அதுக்குப் பேரு தற்காப்பு இல்ல. போலீஸ் இப்ப அததான் கேக்குது. கத்தியோட வந்தான்னு நீங்க சொல்றீங்க, கையில வெட்டு இருக்கு, வேற கத்தி கெடைக்கல. அப்ப வெட்டுனது யாரு?”

தேவைக்கு மேல் கூடாது என்று அவர் சொன்னதும் எனக்குக் கான்டீனில் நடந்த ஒரு வகுப்பு ஞாபகம் வந்தது. யாராவது தாக்க வந்தால் என்ன செய்யலாம் என்று எங்களுக்குப் பாடம் எடுக்க ஒருவர் வந்திருந்தார். திருப்பி அடிப்பது ‘ப்ரொப்பொர்சியொனே’ ஆக இருக்க வேண்டும் என்றார். எனக்கு அதில் ‘போர்சியோன்’ மட்டும்தான் காதில் விழுந்தது. பிள்ளைகளுக்குத் தட்டில் வைக்கும் அளவுக்கு அதுதானே பேர்? எழுந்து, “ஐந்து வயசுக்கு ஒரு கரண்டி, பத்து வயசுக்கு இரண்டு கரண்டி” என்று பதில் சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்காமல், “சரியாகச் சொன்னீர்கள் மதாம், அதேதான், அளவுதான்” என்றார். ஏழுமலைக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை. அந்த அளவு அவருக்குத் தெரிந்திருந்தது.

“அரிவாளே அங்க இல்லன்னு சொல்லிட்டா முடிஞ்சுதுல்ல?” என்று ஜாபர் கேட்டான். கன்னியம்மாளுக்கும் அந்த ஆசை இருந்திருக்கும். நான் முடியாது என்றுவிட்டேன். அரிவாள் இருந்தது. கையில் பிடித்திருந்தார். அதை வைத்துவிட்டு வந்தார். அந்த மனுஷன் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான். அதைப் போய் நான் அழிப்பேனா? முதலில் தப்பாக எழுதினேன், இரண்டாவது பொய்யாக எழுதவா? வக்கீல் அம்மா, “பாத்தத மட்டும் சொல்லுங்க. அவன் கை எதுல கிழிஞ்சுதுன்னு பாக்கலன்னா, பாக்கலன்னே சொல்லுங்க” என்றார்.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனேன். என் புகாரைத் திருத்த வேண்டும் என்றேன். சப்-இன்ஸ்பெக்டருக்கு என் தம்பி வயசுதான் இருக்கும். “குடுத்த கம்ப்ளெய்ன்ட்ல கை வைக்க முடியாதும்மா” என்றார். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தார். “அவங்க வீட்ல வந்து அழுதாங்களா?”

“அழுதாங்க. அழுததுக்காக வரல. நான் தப்பா எழுதினேன், அதுக்காக வந்தேன்.”

“ஒரு எழுத்து விட்டுப் போச்சுன்னு சொன்னா யார் நம்புவாங்க? படிச்சவங்க மாதிரி இருக்கீங்க.”

வந்தது பாருங்கள் எனக்குக் கோபம். “படிச்சவதான் சார். இங்கதான் படிச்சேன். நாடு விட்டுப் போனேன், அதுல ஒரு எழுத்து உதிர்ந்து போச்சு. உதிர்ந்தது என் எழுத்து. உள்ள இருக்கறது வேற ஆளு. நீங்க எழுதிக்கறீங்களா, இல்ல நான் கோர்ட்டு வாசல்ல போய் ஒக்காரவா?” என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. அந்த மனுஷர் கோபப்படவில்லை. லேசாகச் சிரித்தார் என்றுகூடச் சொல்லலாம். “நீங்களும் நல்லாத்தாம்மா கத்தறீங்க” என்றார். கூடுதலாக ஒரு வாக்குமூலம் எழுதிக்கொள்வதாகவும், மாஜிஸ்ட்ரேட் முன்னால் சொல்வதற்கு ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார். ஆனால் அதற்கு நாள் ஆகும், என் டிக்கெட் தேதிக்குள் முடியாது என்றார்.

ஜாபர் தலையில் அடித்துக்கொண்டான். நான் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டேன். கான்டீன் மேலாளர் அம்மாளுக்குப் போன் செய்து, ஒரு வாரம் தாமதமாக வருகிறேன், நான் இங்கே ‘தெம்வேன்’, சாட்சி, என்றேன். அந்த அம்மாள், “ஓ! வாழ்த்துகள்! மணப்பெண் யார்?” என்று உற்சாகமாகக் கேட்டார். அங்கே கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போடுகிறவருக்கும் அதே பேர்தான். கல்யாணம் இல்லை, கத்தி என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, “உங்களிடம் நாங்கள் கொடுத்த காகிதம் இருக்கிறதல்லவா?” என்று கேட்டார், பாவம். என் வீட்டுக்காரருக்கு மட்டும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அரிவாளைக் காயில் கொத்தி வைத்துவிட்டு ஓடினார் என்று போனில் சொன்னதும், “இருவது வருஷம் துப்பாக்கி தூக்கினேன் மெகரு. எப்ப தூக்கறதுன்னு ஒரு மாசத்துல சொல்லிக் குடுத்துட்டாங்க. எப்ப கீழ வைக்கறதுன்னுதான் கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நீ இருந்து சொல்லிட்டு வா” என்றார்.

மாஜிஸ்ட்ரேட் ஒரு பெண். என்னிடம் பதற்றப்படாமல் சொல்லச் சொன்னார். சொன்னேன். எனக்கு வெட்டிய காய், இரண்டு கொத்து, மூன்றாவது கொத்தில் அரிவாள் காயிலேயே நின்றது. நான் விழுந்து எழுந்து அந்த வண்டியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். கொத்திய இடத்திலிருந்து தண்ணீர் வழிந்து என் புடவைத் தலைப்பை நனைத்தது. அரிவாள் அப்போதும் காயில்தான் இருந்தது. அவன் கை எதில் கிழிந்தது என்று நான் பார்க்கவில்லை. ஏழுமலையின் கையில் சாவியைத் தவிர ஒன்றும் இல்லை. எழுதி முடித்ததும் என்னைப் படித்துப் பார்க்கச் சொன்னார்கள். இந்த முறை நான் எழுத்தெழுத்தாகப் படித்தேன். ‘கத்திக்கொண்டு’ வந்த இடத்தில் அந்த ‘க்’மேல் விரலை வைத்து, அங்கே இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். மாஜிஸ்ட்ரேட் அம்மா, “இருக்கும்மா, இருக்கு” என்றார். கீழே கையெழுத்துப் போட்டேன்.

நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் ஏழுமலை ஜாமீனில் வந்தார். வழக்கு முடியவில்லை, நடக்கும். வண்டி அதே முனையில் நின்றது. அரிவாள் கோர்ட்டில் இருந்ததால் புதிதாக ஒன்று வாங்கியிருந்தார். எப்படி முகத்தைப் பார்ப்பது என்று தயங்கித் தயங்கிப் போனேன்.

“மன்னிச்சுக்கப்பா” என்றேன்.

அவர் ஒரு காயை எடுத்துத் தட்டிப் பார்த்தார். “ஜெயில்ல பதினோரு நாள் அக்கா” என்றார். காயைச் சீவிக்கொண்டே, “இனிமே பிரெஞ்சுலயே எழுதுங்கக்கா. எங்களுக்கும் நிம்மதி” என்றார். பக்கத்தில் நின்ற கன்னியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

“அதெல்லாம் முடியாது. தமிழ்லதான் எழுதுவேன். ஒழுங்கா எழுதுவேன்” என்றேன். பிறகு, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்: அவ்வளவு அவசரத்தில் அரிவாளை ஏன் வைத்துவிட்டு ஓடிவந்தார்?

“கையில இருந்தா வெட்டிருப்பேன்க்கா” என்றார் சாதாரணமாக. “என்ன எனக்குத் தெரியும். அதான் வெச்சுட்டு வந்தேன். கத்துறதுக்கு எதுக்கு அருவா? எங்கப்பா மில்லுல வேல பாத்தாரு. மெஷின் சத்தத்துக்கு மேல பேசிப் பேசி, வூட்லயும் அதே கொரல்தான். எங்க எல்லாருக்கும் அப்டியே வந்துடுச்சு.”

இதைப் பாரிசுக்கு வடக்கே என் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்களே, ஒருத்தர் கத்திக்கொண்டு ஓடினால் நீங்களும் கூட ஓடுங்கள், போனை எடுக்காதீர்கள். அரிவாள் வைத்திருப்பவர்களே, ஏழுமலை மாதிரி வைத்துவிட்டு ஓடுங்கள். என்னைப்போல் வெளியே வந்தவர்களே, தமிழில் எழுதினால் ஒற்றைப் பாருங்கள். ஒற்றுக்குப் பயந்து தமிழில் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். வழக்கு விசாரணைக்கு வரும்போது இங்கிருந்தே வீடியோவில் சாட்சி சொல்லலாமா என்று கேட்டுப் பார்க்கிறேன் என்றார் வக்கீல் அம்மா. வேண்டாம், நேரில் வருகிறேன் என்றுவிட்டேன். ஏழுமலைக்குப் பக்கத்தில் நின்று என் வாயால் சொல்ல வேண்டும். பேச்சில் எனக்கு எழுத்து உதிராது.

நேற்று வேலைக்குப் போகும்போது கார் து நோரில் மறுபடி பையைத் திறக்கச் சொன்னார்கள். காகிதத்தைத் தேடினேன், இரண்டு காகிதம் கைக்கு வந்தது. ஒன்று பிரெஞ்சில் இருக்கிறது: இவளிடம் கத்தி இருக்கிறது. மற்றொன்று என் வாக்குமூலத்தின் நகல், தமிழில்: அவரிடம் கத்தி இல்லை. இரண்டிலும் கீழே என் கையெழுத்து. எதைக் காட்ட வேண்டும் என்று ஒரு நிமிஷம் எனக்குத் தெரியவில்லை.